அம்மாள் தள்ளிவைத்த நாள்

நண்டுக் கொம்பனியில் மேசைக்கு ஒரு கட்டை. உள்ளங்கை அகலம், பச்சைப் பெயின்ற், நடுவில் ஓட்டை போட்டு ஆணியில் தொங்கவிட்ட மரக்கட்டை. அதை எடுத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகலாம். ஒருத்தி கொண்டுபோனால், அவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டும்வரை மற்றப் பதினொரு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நண்டு உடைக்கவேண்டியதுதான்.

அன்றைக்கென்று பார்த்துக் கட்டை லவீனாவிடம் போயிருந்தது. லவீனா போனால் லேசில் வரமாட்டாள். உள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது.

தனுஷா அவித்த நண்டொன்றின் முதுகோட்டைக் கழற்றி, நெஞ்சை இரண்டாகப் பிளந்து, கத்தி நுனியால் வெள்ளைச் சதையை முழுசாகக் கிளப்பித் தட்டில் வைத்தாள். பெரிய துண்டு ஒரு தட்டு, உதிரி ஒரு தட்டு, கால் சதை இன்னொரு தட்டு. கை தன்பாட்டில் வேலை செய்தது. மனம் முழுக்க அடிவயிற்றில்தான். சற்று முன்னர் ஏதோ ஈரமாக இறங்கினதுபோல இருந்தது. வேர்வையாய் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, வேர்வை அங்கேயா வரும் என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

"என்னடி, அவிச்ச நண்டு மாதிரிச் சிவக்க வேண்டிய முகம் வெளிறிப்போய் நிக்குது?" என்று முன்னால் நின்ற றோஸ் கேட்டாள். றோஸுக்கு நாற்பத்தாறு வயது. பாஷையூர்க்காரி. நண்டு கடலில் இருக்கும்போதே தனக்குப் பழக்கம் என்பாள்.

"கட்டை வரட்டுமக்கா."

லவீனா பொட்டைச் சரிசெய்தபடி வந்தாள். தனுஷா கட்டையைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள். உள்ளாடையில் ஐந்து ரூபாய்க் குற்றியளவில் மண்ணிறமாக ஒரு கறை. அவ்வளவுதான். ஆனால் இரண்டு வருசத்துக்கு முன்னரும் இப்படி ஒரு கறையில்தான் எல்லாம் தொடங்கியது.

திரும்பி வந்து, தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் றோஸிடம் சொன்னாள்.

"வலிக்குதே?"

"இல்லையக்கா."

"அப்ப நாளைக்கே போய்க் காட்டு. பல்லுக்குத்தெண்டு சொல்லி அரைநாள் கேள். உந்தச் சுப்பர்வைசற்றை கண்ணாடி அறைக்கு வயித்துக் கதை போகப்படாது, கண்டியோ."

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கே ஒருத்தரும் யாரையும் வேலையால் நிற்பாட்டுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பெயர்ப்பட்டியல் ஒட்டுவார்கள். வயிறு தெரியத் தொடங்கியவளின் பெயர் மட்டும் அதில் இராது. போய்க் கேட்டால், "பிள்ளை பிறந்தாப் பிறகு வாங்கோ, பாப்பம்" என்பார் சுப்பர்வைசர் சுபாஸ். நல்ல மரியாதையாகத்தான் சொல்லுவார். அப்படிப் போன ஒருத்தியையும் பிறகு மேசையில் கண்டதில்லை.

தனுஷாவின் முதல் பிள்ளை எட்டாம் கிழமையில் நின்றுபோனது. இரண்டுதரம் ஸ்கான் பார்த்துத்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் வைத்துக் குளிசை கொடுத்தார்கள், ஒரு பகலுக்குள் எல்லாம் முடிந்தது. "உம்மில ஒரு பிழையுமில்லைப் பிள்ளை, உது தன்பாட்டில நடக்கிறது" என்று தலையைத் தடவிச் சொன்ன நேர்ஸின் முகம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் மேசைக்கு வந்துவிட்டாள். அப்போதும் பல்லுக்குத்துத்தான். அந்தக் கணக்கில் அவளுக்கு இந்நேரம் வாயில் ஒரு பல்லும் மிஞ்சியிருக்கக் கூடாது.

*

அடுத்த நாள் பின்னேரம் கொடிகாமத்துக்கு அங்கால் ஒரு தனியார் கிளினிக்குக்கு மாமியோடு போனாள். ஆஸ்பத்திரிக் கிளினிக் காலையில் மட்டுந்தான். காலை என்றால் முழுநாள் லீவு. இது பின்னேரத்திலும் திறந்திருந்தது.

மாமி நாகேஸ்வரி வாசலிலேயே செருப்பைக் கழற்றி, கோவிலுக்குள் போவதுபோல வலதுகாலை வைத்துப் போனாள். அவள் நல்ல மனுசி. ஒரேயொரு குறை, மற்றவர்களிடம் கேட்ட கேள்விக்கும் தானே பதில் சொல்லிவிடுவாள்.

"கடைசியா எப்ப வந்தது?" என்று டொக்டர் கேட்டார்.

தனுஷா வாயைத் திறந்தாள்.

"மார்ச் இருபத்திநாலு டொக்டர்" என்றாள் மாமி. "எனக்கு நல்ல ஞாபகம். பங்குனித் திங்கள். நாங்கள் எல்லாரும் மட்டுவில் கோவிலுக்குப் பொங்கப் போக, இவ மட்டும் துடக்கெண்டு வீட்டில நிண்டவ. அதுக்குப் பிறகு வரேல்லை. சித்திரையில எங்கடை திருவிழா முழுக்க வரேல்லை. பாற்செம்பு எடுக்கிறதுக்காக அம்மாளே தள்ளிவைச்சவ எண்டு நான் நினைச்சன். பாத்தால், அப்பவே வயித்தில தங்கியிருக்கு!"

தனுஷா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அம்மாள் தள்ளிவைக்கவில்லை. றோஸ் தள்ளிவைத்தாள். சரியாகச் சொன்னால், றோஸ் பாமசியில் வாங்கிக் கொடுத்த குளிசை தள்ளிவைத்தது. பிள்ளை வரம் கேட்டு தனுஷா பாற்செம்பு நேர்ந்திருந்தாள். ஏழாம் திருவிழா மாமி வீட்டு உபயம். நாள் எண்ணிப் பார்த்தால் கொடியேறும் நேரத்தில்தான் அவளுக்கு வரவேண்டும். வந்தால் கோவில் வீதிப்பக்கமும் தலைகாட்ட ஏலாது, அந்த வருசம் போச்சு. ஆகவே தீர்த்தம் முடியும்வரை ஒளித்து ஒளித்துக் குளிசை போட்டாள். நிறுத்திய மூன்றாம் நாள், மே ஆறாம் திகதி, கொஞ்சமாக வந்தது. களைப்பு என்று சொல்லித் தாய் வீட்டில் இரண்டு நாள் நின்று கழித்துவிட்டு வந்தாள். அது மருந்துக்கு வந்தது, கணக்கில் சேராது என்று அவளே முடிவுகட்டிவிட்டாள்.

அதற்குள் மாமி, அம்மாளின் அற்புதத்தைக் கிணற்றடி, சங்கக்கடை, கோவில் மடப்பள்ளி என்று ஓரிடம் விடாமல் சொல்லி முடித்திருந்தாள். இனி எந்த முகத்தோடு போய் இல்லை என்பது?

டொக்டர் ஸ்கான் திரையைப் பார்த்தார். மீண்டும் பார்த்தார். வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள்.

"கணக்குக்குப் பதினொரு கிழமைக்கு மேல. பை அஞ்சு கிழமையளவில நிண்டிட்டுது. உள்ளுக்கை பிள்ளை வளரேல்லை" என்றார். "கடிதம் தாறன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில அட்மிற் ஆகினால், கழுவி விடுவினம். பிறகு மூண்டு மாசத்தால முயற்சி செய்யலாம்."

ஓட்டோவில் வரும்போது மாமி ஒரு சொல்லும் பேசவில்லை. அதுதான் தனுஷாவை அதிகமாகப் பயப்படுத்தியது. கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றையே நினைத்தாள். அம்மாளைப் பேய்க்காட்டிப் பாற்செம்பு எடுத்தேன். அம்மாள் தந்ததைத் திருப்பி எடுத்துவிட்டாள்.

தனுஷாவின் புருசன் லோஜன் சந்தையில் தேங்காய் மூட்டை ஏற்றிவிட்டு, தலைமயிரெல்லாம் தும்பாக வந்தான். விசயத்தைக் கேட்டான். முகம் கழுவப் போனவன் கிணற்றடியில் நெடுநேரம் நின்றான். வந்து தேத்தண்ணி போட்டு அவளுக்குக் கொடுத்தான். அதில் சீனிக்குப் பதிலாக உப்பு விழுந்திருந்தது. அவள் முழுவதையும் குடித்தாள்.

"விடு தனு" என்றான். "நீ இருக்கிறாய். எனக்கு அது காணும்."

அப்போதுதான் அவள் அழுதாள்.

*

சனிக்கிழமை காலை குடும்பநல மாது உதயகலா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஊரில் எல்லோருக்கும் அவள் 'மிஸ்'. பிறந்தது, இறந்தது, முழுகாமல் இருப்பது எல்லாம் அவளுடைய கொப்பியில் ஏறியே ஆகவேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றி மாமரக் கொப்பில் கொழுவிவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். இன்னொருமுறை படித்தாள்.

"போன முறை ஆஸ்பத்திரியில எத்தினைதரம் ஸ்கான் பாத்தவை?"

"ரெண்டுதரம் மிஸ்."

"இந்தமுறை?"

"ஒருக்கா."

உதயகலா விரல்விட்டு எண்ணினாள். "ஜூன் எட்டாந் திகதி மூத்திரக் குச்சியில பாத்தனீர்தானே? கோடு எப்பிடி இருந்தது?"

"மங்கலாய்... கண்ணை இடுக்கிப் பாத்தால்தான் தெரியும்."

"கிட்டத்தட்டப் பதினொரு கிழமைக்கு மங்கலாய் வருமே பிள்ளை? பேனையால கீறினமாதிரியெல்லோ வரவேணும்!"

தனுஷா தலைகுனிந்தாள். உதயகலா அவளைப் பார்த்தாள். பக்கத்தில் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மாமியையும் பார்த்தாள். இருபத்திரண்டு வருசம் வீடு வீடாக ஏறி இறங்கியவளுக்கு எந்த இடத்தில் யார் தடையாக நிற்கிறார் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"நாகேஸ்வரியக்கா, எனக்கொரு தேத்தண்ணி. இஞ்சி இடிச்சுப் போடுங்கோ. ஆறுதலாய்ப் போடுங்கோ, அவசரமில்லை."

மாமி குசினிக்குப் போனதும் தனுஷா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். குளிசை, தாய் வீடு, மே ஆறு, எல்லாம். "அம்மாளுக்குப் பொய் சொன்னதாலதான் மிஸ் இப்பிடி..."

உதயகலா சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை.

"எடி பிள்ளை, சித்திரை பிறந்தால் உந்தப் பாமசியளில பனடோலைவிடக் கூடப் போறது உந்தக் குளிசைதான்! அம்மாளுக்குத் தெரியாமல் இருக்குமே? ஒவ்வொரு வருசமும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறா." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இஞ்சை பாரும். குளிசை போட்டு முடிஞ்சு, மே ஆறு வந்து, அதுக்குப் பிறகுதான் பிள்ளை தங்கியிருக்கு. குளிசைக்கும் பிள்ளைக்கும் ஒருத்தற்றை முகம் ஒருத்தருக்குத் தெரியாது. உம்மடை கணக்கு மே ஆறிலையிருந்து. அப்பிடிப் பாத்தால் நேற்று அஞ்சரைக் கிழமை. அஞ்சரைக் கிழமையில பைக்குள்ளை பிள்ளை தெரியாமல் இருக்கிறது புதினமில்லை."

தனுஷா அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதில எழுதியிருக்கு, பை பதின்மூண்டு மில்லிமீற்றர். இருபத்தைஞ்சு வந்தும் உள்ளுக்கை ஒண்டுமில்லையெண்டால்தான் ஒரு ஸ்கானோடை சொல்லலாம். சின்னப் பையெண்டால் ஒண்டு ரெண்டு கிழமை பொறுத்துத் திரும்பப் பாக்கவேணும். டொக்டருக்குக் குடுத்த திகதி பிழை, அதால அவற்றை முடிவும் பிழைச்சிருக்கலாம். நான் ஆஸ்பத்திரி டொக்டரோடை கதைக்கிறன். திங்கட்கிழமை கழுவப் போகவேண்டாம்."

"அப்ப பிள்ளை இருக்கே மிஸ்?"

உதயகலா சிரிப்பை நிறுத்தினாள். "அதை நான் சொல்லமாட்டன். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தெரியாமல் கழுவவேண்டாம் எண்டு மட்டும் சொல்லுறன். ஆனால் ஒண்டு. இரத்தம் கட்டுக்கடங்காமல் போனால், வயிறு ஒருபக்கமாய்ப் பிடிச்சு வலிச்சால், தோள்மூட்டு நொந்தால், தலைசுத்தினால், எனக்குப் போன் எடுத்துக்கொண்டு நிக்கவேண்டாம். நேரே ஆஸ்பத்திரி. விளங்குதே?"

"ஓம் மிஸ்."

குசினி வாசலில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மாமி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. தேத்தண்ணியில் ஆடை கட்டியிருந்தது.

"அப்ப அம்மாள் தள்ளிவைக்கேல்லையோ?"

"இல்லை மாமி" என்றாள் தனுஷா.

"பாமசிக்காரன் தள்ளிவைச்சவன்."

"ஓம் மாமி."

மாமி தட்டை மிஸ்ஸுக்கு முன்னால் வைத்தாள். சேலையைச் செருகினாள். ஏதோ பெரிதாக வெடிக்கப் போகிறது என்று தனுஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி. அவனுக்கும் அம்மாள்தானே புத்தி குடுத்தவ" என்றாள் மாமி. பிறகு கிட்ட வந்து, தாழ்ந்த குரலில், "ஆனால் மோனை, இதைக் கிணத்தடியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. நான் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன்" என்றாள்.

உதயகலாவுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

*

பன்னிரண்டு நாள் பொறுக்கச் சொன்னார்கள். அதுவரைக்கும் தனுஷா மேசையில்தான் நின்றாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. பல்லுக்குத்துக்கும் ஒரு அளவு இருக்கிறதல்லவா?

றோஸ் கொஞ்சம் ஆடிப்போனாள். "நானெல்லோ அந்தக் குளிசையை வாங்கித் தந்தனான்" என்று நெஞ்சில் சிலுவை போட்டாள். குளிசைக்கும் பிள்ளைக்கும் முகமே தெரியாது என்று மிஸ் சொன்னதைச் சொன்ன பிறகும், ஆளுக்கு ஆறவில்லை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். மாமி அம்மாளுக்கு விளக்கு வைத்தாள். இரண்டு பக்கத்தாலும் பாதுகாப்பு என்றான் லோஜன்.

மேசையில் விசயம் வாய்விட்டுப் பேசப்படவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நண்டுக் கூடை வந்தால் தனுஷாவின் கை போவதற்கு முன்னர் இரண்டு கை அதைத் தூக்கிவிடும். அவளுடைய தட்டு நிறை குறைந்திருந்தால், யாரோ ஒருத்தி தன் தட்டிலிருந்து ஒரு பிடி தள்ளிவிடுவாள். பச்சைக் கட்டை அவளுக்குத்தான் முதல். லவீனாகூடக் கண்ணாடியைத் தியாகம் செய்துவிட்டாள்.

தனுஷா கட்டையோடு போய்த் திரும்பும்போதெல்லாம் பதினொரு கத்தியும் நின்றுவிடும். பதினொரு முகமும் நிமிரும். அவள் ஒன்றுமில்லை என்று மெல்லத் தலையாட்டுவாள். பதினொரு கத்தியும் மறுபடி ஓடத்தொடங்கும். நாலாம் நாளோடு கறை நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் நண்டு அவிக்கும் மணம் மூக்கில் ஏற, ஓங்காளித்துக்கொண்டு வடிகானடிக்கு ஓடினாள்.

"கர்த்தரே, வடிவாய்ச் சத்தி எடடி!" என்று றோஸ் முதுகைத் தடவிவிட்டாள். ஒருத்தி சத்தியெடுத்ததற்கு அந்த மேசை அவ்வளவு சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான்.

பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் காலை ஆறுமணிக்கே வாங்கில் இடம் பிடித்தார்கள். தனுஷாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப்பெண், கையில் கடிதம், கண் வீங்கிப்போய் இருந்தாள்.

"எத்தினைதரம் பாத்தவை தங்கச்சி?" என்று தனுஷா அவசரமாகக் கேட்டாள்.

"ரெண்டுதரம் அக்கா. இண்டைக்குக் குளிசை தருவினமாம்."

தனுஷா அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "உம்மில ஒரு பிழையுமில்லை" என்றாள், தன் பெயர் கூப்பிடும் நேரத்தில். "இது தன்பாட்டில நடக்கிறது. எனக்கும் நடந்தது."

உள்ளே ஆள் ஒருவர்தான் போகலாம் என்றார்கள். மாமி அதைக் கேட்காததுபோல உள்ளே வந்து திரைக்கு நேரே நின்றாள். டொக்டர் இளம் பெண், சிரித்தபடி விட்டுவிட்டாள். கருவியை அப்படியும் இப்படியும் திருப்பினாள். தனுஷா திரையைப் பார்க்கப் பயந்து கூரையில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சை பாருங்கோ" என்றாள் டொக்டர்.

கறுப்புப் பைக்குள் நெல்லுமணியளவில் ஒன்று படுத்திருந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி மினுக்மினுக்கென்று துடித்தது. அவ்வளவு வேகமாய், அவ்வளவு அவசரமாய்.

"அது என்ன டொக்டர்?"

"இதயம். நல்லாத் துடிக்குது. பத்து மில்லிமீற்றர், ஏழு கிழமை ஒருநாள். மே ஆறு எண்டு உங்கடை மிஸ் எழுதின திகதி அப்பிடியே பொருந்துது."

"அம்மாளாச்சி!" என்று மாமி போட்ட சத்தத்தில் வெளியே நின்ற நேர்ஸ் எட்டிப் பார்த்தாள். மாமி அழுதாள், சிரித்தாள், திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நான் சொன்னனான்தானே மோனை, அம்மாள் தந்த பிள்ளையெண்டு. திகதியைத்தான் கொஞ்சம் தள்ளிவைச்சிருக்கிறா!"

தனுஷாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. படுத்திருந்ததால் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் ஓடியது. வெளியே லோஜன் செய்தியைக் கேட்டுவிட்டு, எழும்பி, இருந்து, மறுபடி எழும்பி, கன்ரீனுக்கு ஓடினான். ஒரு பை நிறைய வடையோடு வந்து, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் நீட்டினான். அந்தச் சின்னப்பெண்ணுக்கு முன்னால் வந்ததும் தயங்கி நின்றான். அவள் தானாகவே கையை நீட்டி ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

*

அடுத்த நாள் காலை மேசையில் பதினொரு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். கண்ணாடி அறைக்குள் சுபாஸ் இருந்தார். வாய்திறக்க வழியில்லை. தனுஷா கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் மேசைத் தகட்டில் தட்டினாள். டக்டக் டக்டக் டக்டக். வேகமாய், அவசரமாய்.

முதலில் றோஸுக்குத்தான் விளங்கியது. அவளும் தட்டினாள். பிறகு லவீனா. ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகப் பன்னிரண்டு கத்திப்பிடியும் தட்டத் தொடங்கின. மேசை முழுக்க அதிர்ந்தது, தட்டுகள் குதித்தன. பின்மேசைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். சுபாஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"என்ன உது?"

"நண்டுக்கால் கொஞ்சம் இறுக்கமாய்க் கிடக்கு சேர்" என்றாள் றோஸ். "உடைக்கிறம்."

கதவு மூடியதும் அவர்கள் சிரித்த சிரிப்பில் லவீனா வாய்க்கவசத்தையே கடித்துவிட்டாள்.

ஆவணி பிறந்தது. தனுஷாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. நிற்காமல் உட்கார்ந்து வேலை செய்யச் சொன்னாள் உதயகலா. கொம்பனியில் இருப்பதற்கு ஒரு கதிரைதான் உண்டு, அது கண்ணாடி அறைக்குள். இருந்து உடைத்தால் கை மெதுவாகும் என்பது அவர்களுடைய கொள்கை. புதுப் பட்டியல் ஒட்டுவதற்கு இன்னும் இரண்டு கிழமை.

றோஸ் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் தன்னுடைய சுவர்ப்பக்க மூலையை தனுஷாவுக்குக் கொடுத்தாள். மேசையில் காற்றாடி படும் ஒரே இடம் அது. ஏழு வருசமாக ஒருத்தருக்கும் விட்டுக்கொடுக்காத இடம். பிறகு ஸ்ரோருக்குப் போய் எமில்ராஜிடம், தங்கள் மேசையில் நடைபாதைப் பக்கம் நிற்கிற ஆறு பேருக்கும் ஆகப் பெரிய சைஸ் ஏப்ரன் கேட்டாள்.

"ஆனைக்குக் கட்டவோ?" என்றான் எமில்ராஜ்.

"தண்ணி தெறிக்குது தம்பி. காலெல்லாம் புண்."

ஏப்ரன்கள் கணுக்கால்வரை தொங்கின. குள்ளச்சி லவீனா கழுத்துப் பட்டியை இரண்டு முடிச்சுப் போட்டும் அவளுடையது நிலத்தில் இழுபட்டது. ஆறு பேரும் தோளோடு தோள் நெருக்கி நின்றால், மேசைக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் சுவர். அதற்கு அப்பால், தனுஷாவின் மூலையில், நண்டுப் பெட்டிகள் மூன்று கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தன. நாலு அடுக்கிப் பார்த்தார்கள், தலை உயர்ந்துவிட்டது. இரண்டு காணாது. மூன்று சரி.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சுபாஸ் கடதாசியும் பேனையுமாக நடைபாதையில் வந்தார். ஒவ்வொரு மேசையிலும் நின்று முகத்தைப் பார்த்தார், பிறகு கண்ணைத் தாழ்த்தி இடுப்பைப் பார்த்தார், பிறகு எழுதினார். பின்மேசையில் ஒருத்திக்கு முன்னால் பேனை எழுதாமல் நகர்ந்தது. அவள் குனிந்தபடி நண்டு உடைத்துக்கொண்டே இருந்தாள். றோஸ் அதைக் கண்டாள். அந்த மேசைக்கு எத்தனை ஏப்ரன் வேண்டும் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள்.

சுபாஸ் இவர்களுடைய மேசைக்கு வந்தார். நீலத் தொப்பிகள் ஒரே மட்டத்தில் இருந்தன. சுவர்ப்பக்கத்தில் நின்றவர்களின் இடுப்பை மேசை மறைத்தது, இந்தப் பக்கத்தில் நின்றவர்களின் இடுப்பை ஏப்ரன் மறைத்தது. தொப்பிகளை எண்ணினார். பன்னிரண்டு.

"ஒருத்தரும் இருந்து வேலை செய்யேல்லைத்தானே?"

"இல்லை சேர்" என்றார்கள் எல்லோரும். எல்லோரையும்விடச் சத்தமாக தனுஷா சொன்னாள்.

அவர் பன்னிரண்டு பெயரையும் எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். ஆறு ஏப்ரன்களுக்கு அப்பால், மேசைக்குக் கீழே, பதினொரு சோடி பூட்ஸ் குளோரின் தண்ணீரில் ஊறிக்கொண்டு நின்றன. பன்னிரண்டாவது சோடி நிலத்தைத் தொடாமல், நண்டுப் பெட்டிகளின் மேலிருந்து தொங்கி, மெல்ல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.